உன்னைக் கேட்காமல் திரும்பி வந்தது

இன்று காலை உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உன் பெயர் என்றால் உன் மேக் கம்ப்யூட்டரின் பெயர். பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றி முடித்ததும், அது எந்தெந்த இயந்திரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை காட்டியது. கீழ்த்தளத்து விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பச்சையாக வந்தன. மாடி மேக்குகளில் அவியல், காளன், ஓலன் மூன்றும் பச்சை. எரிசேரி மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. நெடுநாளாகத் தொடர்பில் இல்லையாம், நீக்கலாமா என்று கேட்டது. லைசென்ஸ் இயந்திரத்துக்கு ஒன்று. போனதை வைத்துக்கொண்டிருந்தால் வந்ததற்கு இடமில்லை. நீக்கு என்று அழுத்திவிட்டு, தெருமுனைக்குப் போய் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தேன்.

மேக்குகளுக்குச் சத்ய விருந்தில் இலையில் பரிமாறும் கறிகளின் பெயரை எடுத்து வைத்தது நீதான். என் பக்கத்தில் பில்லிங் ஒன்று, பில்லிங் இரண்டு என்று நான் வைத்திருந்ததைப் பார்த்து, ஜெயிலில் கைதிக்கு நம்பர் போட்ட மாதிரி இருக்கிறது என்றாய். எனக்கு அது போதும் என்றேன். சர்வரில் பிழை வந்தால் எது என்று தெரிய வேண்டும், வாயில் எச்சில் ஊற வேண்டிய அவசியம் இல்லை. அதன் பிறகு என்ன, 'காளன் கெட்டுப்போச்சு' என்று நீ மாடியிலிருந்து கத்துவதும், பத்திரிகை அடிக்க வந்த பார்ட்டி பயந்துபோய்ப் பார்ப்பதும் நம் அச்சகத்தில் வழக்கமாகிவிட்டது.

நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நீ கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். நான் நாகர்கோவிலிலிருந்து வந்து மணக்காட்டில் குடியிருக்கிற குடும்பம். உனக்கு மாடி, மேக், கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், நாள்காட்டி. எனக்குக் கீழ்த்தளம், விண்டோஸ் சர்வர், கணக்கு, பேக்கப். உன் தமிழைக் கேட்டு நானும் என் தமிழைக் கேட்டு நீயும் சிரிப்போம். கோட்டயத்துக்காரி பிந்து உன் அறையில் வேலைக்கு வந்த பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து இன்ன மொழி என்று சொல்ல முடியாத ஒன்றைப் பேச ஆரம்பித்தோம்.

ஒரே நெட்வொர்க்கில் மேக்கும் விண்டோஸும் இருப்பது சம்பந்தி வீட்டாரை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது போலத்தான். முகத்துக்கு முகம் மரியாதையாக இருக்கும். உள்ளே ஒருத்தருக்குப் பிடித்தது இன்னொருத்தருக்கு ஆகாது. நடுவில் கிடந்து நான் படுகிற பாட்டைப் பார்த்து உனக்கு ஒரே கொண்டாட்டம். ஆனாலும் நான் சர்வரில் எதையாவது மாற்றப் போகிறேன் என்று தெரிந்தால், அன்று காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாய். இதற்கெல்லாமா தேங்காய் என்று நான் எரிந்து விழுவேன். உனக்காக உடைக்கவில்லை, என் ஃபைல்களுக்காக உடைத்தேன் என்பாய்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உன் மேல் பொறாமை இருந்தது. தினமும் பேக்கப் எடுப்பவள் நான். ஆனால் ஏதாவது காணாமல் போனால் ஒரு ஆள் என்னிடம் வரமாட்டார். முதலாளி உட்பட எல்லாரும் நேரே மாடி ஏறி உன்னைக் கேட்பார்கள். இன்னாருடைய மூத்த பெண் கல்யாணப் பத்திரிகை, அதே போல இளையவளுக்கும் வேண்டுமாம் என்றால், கேட்ட வாயை மூடுவதற்குள் அது எங்கே இருக்கிறது, என்ன ஃபாண்ட், பிள்ளையார் படம் எந்தப் பக்கம் பார்த்தது என்பது வரை சொல்லிவிடுவாய். எடுத்தும் கொடுத்துவிடுவாய். உனக்கு அதில் பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. என் பேக்கப் அலமாரியில் தூங்கும்.

போன முறை மென்பொருளை மாற்ற வேண்டி வந்தது, மாடிக்குப் புது மேக்குகள் வாங்கியபோதுதான். பழைய பேக்கப் மென்பொருள் புது மேக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. புதிய பதிப்போ நம் பழைய சர்வரில் ஏற மாட்டேன் என்றது. சர்வரை மாற்றினால் பழைய பேக்கப்புகளின் அட்டவணையை முதலிலிருந்து கட்ட வேண்டும். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்து பார்த்த பையன்கள், எல்லாவற்றையும் விண்டோஸாக்கிவிடுங்கள், தொல்லை விட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு சாயா குடித்துவிட்டுப் போனார்கள். நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் நீ உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னாய். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, குழாயை நிறுத்தாமலே சொன்னாய். இரண்டாவது தடவை வந்துவிட்டது, இந்தத் தடவை டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை என்றாய். குழாயை நான்தான் மூடினேன்.

மறுநாள் நீ கீழே இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாய்.

"உன் பேக்கப் எல்லாம் போறது, சரி. திரும்பி வருமோ?"

வரும் என்றேன். பார்த்திருக்கிறாயா என்று கேட்டாய். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ஃபைலை எடுத்துப் பார்த்திருக்கிறேன், முழு வேலையை எடுத்துப் பார்த்ததில்லை என்றேன். அதுதான் உண்மை, எந்த ஆபீசில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்போது நீ சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"புதுசு போட்டு முடிச்சதும் ஒரு நாள் எல்லாத்தையும் திருப்பி எடுத்துப் பாக்கணும். நான் அங்கேயே உக்காந்துண்டிருப்பேன், ஆனா வாயே திறக்க மாட்டேன், கேட்டோ. நான் இல்லேன்னு நெனச்சுண்டு பண்ணுங்கோ."

எனக்கு வந்ததே கோபம். "என்னத்துக்கு இப்பம் இதெல்லாம் சொல்லுகே? ஒனக்கு ஒண்ணும் ஆவாது. போய் வேலையப் பாரு பிள்ளே" என்று விரட்டிவிட்டேன். நீ இல்லை என்று நினைத்துக்கொண்டு செய்கிற ஒரு வேலையை நான் எதற்காகச் செய்ய வேண்டும்? செய்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று இருந்தது எனக்கு. நீ என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேரே முதலாளியிடம் போய், நான் போன பிறகு கையிலிருக்கிற வேலைகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டுவிட்டாய். மனிதர் ஆடிப்போய்விட்டார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

சர்வரை மாற்றி, மென்பொருளை ஏற்றி, ஒவ்வொரு மேக்கிலும் அதற்கு எல்லா இடமும் பார்க்க அனுமதி கொடுத்து, பழைய அட்டவணையைக் கட்டி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலை நீ சொன்னபடி வந்தாய். தலையில் ஸ்கார்ஃப், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். மாடியில் பிந்துவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தாய். உன் மேக் எரிசேரி நின்றுபோய்விட்டது, அதிலிருந்த வேலைகள் எல்லாம் பேக்கப்பிலிருந்து வர வேண்டும் என்பதுதான் ஒத்திகை. வர வேண்டியவை முக்கியமாக இரண்டு: வரும் சிங்க மாசத்தில், அதாவது ஆவணியில், தொடங்கும் மலையாள நாள்காட்டி, கரமனைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.

திருப்பி எடுத்து வைக்க மாடியில் வேறு மேக் சும்மா இல்லை. அதனால் நான் கீழே சர்வரில் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். அங்கிருந்து பிந்து ஓலனுக்கு எடுத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை ஃபோல்டரே இல்லை. நாள்காட்டி இருந்தது, திறந்தால் சிங்கம் முதல் கர்க்கடகம் வரை பன்னிரண்டு மாசத்து எழுத்தும் கட்டம் கட்டமாக நின்றது.

"சேச்சி, ஃபாண்டிலே ஒண்ணும் இல்லல்லோ. சைஸ் சைபர் காணிக்குது" என்றாள் பிந்து. சொல்லிவிட்டு, பழக்கதோஷம், திரும்பி உன்னைப் பார்த்தாள்.

நீ ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தாய், மூடினாய். வாயைத் திறக்கவில்லை. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்தாலே துள்ளி எழுகிறவள். பிந்துவின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் கர்மசிரத்தையாக எடுத்து வைத்ததில் கையிலிருக்கிற வேலை ஒன்றுகூட இல்லை என்றால் நான் என்னத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. முதலாவது காரணம் நீ. மாடியில் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய்: பார்ட்டி சரி என்று சொல்லாத வரைக்கும் அந்த வேலையின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. சம்பந்தி வீட்டார் முகூர்த்த நேரத்தை உறுதி செய்து, பெரியப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று சண்டை தீர்ந்து, கையெழுத்து வந்த பிறகுதான் அந்தக் கேள்விக்குறியை எடுப்பாய். மேக் அதற்கு ஒன்றும் சொல்லாது. விண்டோஸ் டிஸ்க்கில் கேள்விக்குறி போட்ட பெயரை வைக்கவே முடியாது. அதனால் முடிந்த வேலைகளும், பார்ட்டி கையெழுத்து தேவையில்லாத நாள்காட்டியும் திரும்பி வந்தன. பார்ட்டி சரி சொல்லாதவை மட்டும், அதாவது நமக்கு அவசரமாக வேண்டியவை மட்டும், வழியிலேயே நின்றுவிட்டன. மென்பொருள் கொடுத்த ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது, அந்தப் பழைய ஃபாண்டுகள். அந்தக் காலத்து மேக் ஃபாண்டில் சரக்கு முழுவதும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகத்தில் இருக்கும். விண்டோஸ் டிஸ்க் வழியாக அவற்றைக் கொண்டுவந்தால் வெறும் கூடுதான் வந்து சேரும்.

காரணம் தெரிந்ததும் உன் மேல் பாய்ந்தேன். ஊரில் யாராவது ஃபோல்டருக்குக் கேள்விக்குறி போடுவார்களா என்று கத்தினேன். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த நீ அப்போதுதான் பேசினாய். உன் விண்டோஸுக்குக் கேள்வி கேட்டாலே பிடிக்காதோ என்றாய். பிந்து சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீழே வந்து, சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சர்வருக்காக அழவில்லை. நீ பேசியதும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே நீ அத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. பழைய மேக் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, திருப்பி எடுப்பதெல்லாம் நேரே அதில்தான் என்று வைத்தேன். பேக்கப்பில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. இறக்கி வைத்த இடம்தான் தப்பு. ஃபாண்டுகளை ஃபோல்டரோடு மூட்டையாகக் கட்டி வைக்கச் செய்தேன். நீ உன் கேள்விக்குறியை விட்டுவிட்டு, பெயருக்குப் பின்னால் 'பாக்கணும்' என்று எழுத ஆரம்பித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் மட்டும் வந்தாய். வந்த நாட்களில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பெயர் மாற்றினாய். உனக்கு முதுகு வலிக்கிறது என்று பிந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஒத்திகைக்கு உன்னால் வர முடியவில்லை. நீ வீட்டில் படுத்திருந்தாய். நாளைத் தள்ளி வைக்கலாம் என்று முதலாளி சொன்னார்; வேண்டாம், இதுதான் சரியான ஒத்திகை என்று நீயே ஃபோனில் சொல்லிவிட்டாய். பிந்துதான் வேலைகளைத் திருப்பி எடுத்தாள். நடுவில் ஒரு இடத்தில் நாள்காட்டியின் இரண்டு பதிப்பு வந்து நின்றது. எது கடைசியாகப் பார்த்தது என்று அவளுக்குக் குழப்பம். உனக்கு ஒரு ஃபோன் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று கெஞ்சினாள். கூடாது என்றேன். முறைத்துக்கொண்டே தேதியைப் பார்த்து, பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, அவளே கண்டுபிடித்தாள். கல்யாணப் பத்திரிகையும் வந்தது. எழுத்தெல்லாம் எழுத்தாகவே இருந்தது. முதலாளி ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். நான் பிந்துவுக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல சேதி சொல்ல உன் வீட்டுக்கு நடந்தேன்.

வெயில் இறங்கவில்லை அப்போது. உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, தூங்கவில்லை, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய். தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன். எல்லாம் வந்துவிட்டது என்றேன். ஒன்றுவிடாமலா என்றாய். ஒன்றுவிடாமல் என்றேன்.

"யாரைக் கேட்டேள்?"

"யாருகிட்டயும் கேக்கல."

அப்பாடா என்று கண்ணை மூடினாய். நான் உன் காலடியில் உட்கார்ந்தேன். உனக்குச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினாய்.

"வரணும்னுதான் இத்தனையும் பண்ணினேன். ஆனாலும், காலம்பறலேந்து இந்த ஃபோனைப் பக்கத்துலயே வெச்சுண்டிருந்தேன். ஒரு தடவையாவது கூப்பிட மாட்டேளான்னு இருந்தது எனக்கு."

உன் காலைப் பிடித்துக்கொண்டேன். பாதம் வீங்கியிருந்தது. எனக்கும் கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது பிள்ளே என்று சொன்னேன். தெரியும் என்றாய். பிறகு உன் வீட்டுக்காரர் காப்பி கொண்டுவந்தார், சிங்கம் பிறப்பதற்கு முன்னால் நாள்காட்டி அடித்து முடிந்துவிடுமா என்று நீ கேட்டாய். முடிந்தது. நீ பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் அதே வேலை. புது மேக், புது சர்வர், புது பதிப்பு, பழைய தலைவலி. சிலதெல்லாம் சுலபமாகிவிட்டது, சிலதுக்கு முன்னால் இல்லாத அனுமதிகளைக் கேட்கிறது. ஒத்திகை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் யாருக்கு அதிகம் தெரியுமோ அவரை இல்லாதவராக்கிவிட்டுத்தான் செய்கிறோம். இந்தத் தடவை அது நான். வரும் மார்ச்சோடு நான் வேலையை விடுகிறேன். மகள் பெங்களூருக்குக் கூப்பிடுகிறாள், என் கண்ணும் முன்போல இல்லை. என் வேலை இனி பிந்துவுக்கு. அதனால் இன்று மத்தியானம் அவள் சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்தாள். நான் மாடியில் உன் பழைய அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. சன்னலுக்கு வெளியே கிழக்கேகோட்டை பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போகின்றன. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. அட்டவணை கட்டும்போது அது ஒரு இடத்தில் நின்ற மாதிரி இருக்கும், உண்மையில் நிற்காது. அது பிந்துவுக்குத் தெரியுமா என்று மனம் அடித்துக்கொண்டது. பயந்து நிறுத்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவளே சமாளிக்க வேண்டும் என்று ஆசை. என்னைக் கேட்க வேண்டும் என்றும் ஆசை. அவள் கேட்கவில்லை. எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

நாலு மணிவாக்கில் என் ஃபோன் அடித்தது. பிந்துதான். கீழேயிருந்து மேலே, ஒரு மாடிப்படி தூரத்துக்கு.

"எல்லாம் வந்நு சேச்சி. ஒரு சம்சயமும் இல்லை. வெறுதே விளிச்சதாணு."

சும்மா கூப்பிட்டாளாம். அது ஏன் சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியாது. உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அடுத்த திங்கட்கிழமை நான் அவளிடம் ஒரு விதி சொல்லியிருந்தேன்: ஒத்திகை முடிந்ததும், யாரைக் கேட்காமல் செய்தோமோ அவரை முதலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிட வேண்டும். ஏன் என்று அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை. பேக்கப் செய்முறையில் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. என்னோடு அது போய்விடக் கூடாதே என்று கவலையாகத்தான் இருந்தது. இனி கவலை இல்லை.

நான் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, சரி மோளே, சரி மோளே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சொன்னேன்.